தோன்றி மறையும் பழுது



பல்வலியால் இரவு முழுவதும் உறக்கமின்றித் துடித்த ஒருவர், காலையில் வைத்தியசாலையின் வாயிலை மிதித்த மாத்திரத்தில் வலி மாயமாய் மறைந்துபோவதை நாம் கண்டிருக்கின்றோம். வைத்தியர் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்ப்பார், எங்கும் நோவிராது. வெட்கத்தோடு வீடு திரும்பினால் அன்றிரவே வலி மீண்டும் வந்துவிடும். மோட்டார் வண்டிக்கும் இத்தகைய நோயொன்று உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டி காரணமின்றி நிற்கும். பத்து நிமிடம் தெருவோரம் நின்றபின் ஒன்றும் அறியாததுபோலப் புறப்படும். திருத்துமிடத்துக்குக் கொண்டு சென்றாலோ அங்கே ஒரு குறையும் காட்டாது. முற்றாகப் பழுதடைந்த வண்டியைத் திருத்துதல் எளிது. இடையிடையே மட்டும் பழுதடையும் வண்டியைத் திருத்துதலே அரிது. சோதிப்பவர் சோதிக்கும் வேளையில் சோதிக்கப்படவேண்டிய பழுது அங்கே இருப்பதில்லை.

இவ்வகைப் பழுதுகளாற் பெயர் கெட்ட வண்டிகளுள் முதலிடம் பெற்றவை இங்கிலாந்தில் ஆக்கப்பட்ட எம்.ஜீ. முதலிய சிறு விளையாட்டுக் கார்கள். அவற்றுக்கு மின்கருவிகளை வழங்கிய லூக்கஸ் என்னும் கம்பனியை 'இருளின் இளவரசர்' என்று அமெரிக்கர் கேலி செய்வர். லூக்கஸ் விளக்கை நம்பி இரவில் வெளிக்கிட்டவன் இருட்டிலேதான் வீடு திரும்புவான் என்பது அக்கேலியின் பொருள். இந்தப் பெயர் எவ்வளவு தூரம் நியாயமானது, பழுதின் உண்மையான இருப்பிடம் எது, அதனை அக்காலத்தவர் எவ்வாறு தேடிப் பிடித்தனர் என்பவையே இப்பேச்சின் பொருள்.

நான் பொறியியல் பயின்றவன் அல்லன். கலைப்பட்டம் பெற்று, பல்லாண்டு வரலாறு கற்பித்து, இப்பொழுது ஒரு பாடசாலையின் அதிபராய் இருப்பவன். எனக்கு இப்பொருளில் ஈடுபாடு உண்டாக்கியது ஓர் இரவு. 1993 ஆம் ஆண்டு, இடம் யாழ்ப்பாணம். எனக்கு வயது இருபத்துமூன்று. மின்சாரமும் இல்லை, பெற்றோலும் இல்லை என்றிருந்த காலம் அது. மிதிவண்டியின் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். வாடகைக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. போத்தலிலுள்ள சிறிதளவு பெற்றோலை ஊற்றி எஞ்சினை இயக்கிச் சூடாக்கி, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அன்றிரவு என் தாயாருக்கு ஈழை நோய் கடுமையாய்க் கண்டது. அயலிலே ஒரு பழைய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் கார் இருந்தது. அதன் சாரதி முதியவர். உறக்கத்தினின்று எழுந்து வந்து, அம்மாவைப் பின்னிருக்கையிலே சாய்த்து ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியை நோக்கிப் புறப்பட்டார். பாதி வழியில் வண்டி நின்றது. சற்றுப் பொறுத்து முயன்றதும் எஞ்சின் இயங்கியது. அரைக் கட்டை தூரத்தில் மறுபடியும் நின்றது, மறுபடியும் இயங்கியது. மூன்றாம் முறை நின்றபொழுது அம்மாவின் மூச்சு இழுக்கும் ஓசையைத் தவிர அந்த வீதியில் வேறோர் ஓசையும் இல்லை. அவ்விரவின் முடிவைப் பின்னர் சொல்லுகிறேன்.

வாடகைக்கு ஓடிய ஒஸ்ரினுக்கும் சீமான்களின் விளையாட்டுக் காருக்கும் என்ன உறவு என்று நேயர்கள் வினவலாம். உறவு மிக நெருக்கமானது. ஒஸ்ரின் கம்பனியும் மொறிஸ் கம்பனியும் 1952 இல் ஒன்றாகிப் பிரித்தானிய மோட்டார் கூட்டுத்தாபனம் ஆயின. அதன்பின் 'பீ' வரிசை எனப்படும் ஒரே எஞ்சின் குடும்பத்தைப் பலவகை வண்டிகளிற் பூட்டினர். 1955 இல் வெளிவந்த எம்.ஜீ.ஏ. விளையாட்டுக் காரின் எஞ்சின் 1,489 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. அக்காலத்து ஒஸ்ரின் கேம்பிறிட்ஜின் எஞ்சினும் அதே அளவினதே. விளையாட்டுக் காருக்கு இரண்டு காபரேற்றர், குடும்பக் காருக்கு ஒன்று. இத்தகைய வேறுபாடுகளை நீக்கிப் பார்த்தால் இரண்டுக்கும் இதயம் ஒன்று, மின்கருவிகளும் ஒரே லூக்கஸ் குடும்பத்தவை. ஆகவே ஒன்றின் நோய் மற்றதற்கும் உண்டு.

நோயை அறியுமுன் உடலை அறிதல் வேண்டும். பெற்றோல் எஞ்சினிலே காற்றும் எரிபொருளும் கலந்த ஆவியைச் சிலிண்டருக்குள் அமுக்கி, அதன்மேல் உரிய கணத்தில் ஒரு மின்பொறியை விழுத்தவேண்டும். பொறி சற்று முந்தினாலும் பிந்தினாலும் வலு குறையும். விழாவிட்டால் வண்டி நிற்கும். இப்பொறியை நம்பத்தக்க முறையிற் பெறுதல் ஆரம்ப கால மோட்டார் செய்தோருக்குப் பெருந் தலையிடியாய் இருந்தது. ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரில் றொபேட் பொஷ் என்பவரின் தொழிற்சாலையிலே பணிபுரிந்த கொற்லொப் ஹொனோல்ட் என்னும் பொறியியலாளர், 1902 இல் உயர் மின்னழுத்த மக்னீற்றோவை உருவாக்கினார். நமது மிதிவண்டி டைனமோவைப்போல அதுவும் சுழற்சியிலிருந்தே மின்னைப் பிறப்பித்துக்கொள்ளும், பற்றரி வேண்டியதில்லை. அதற்குப் பின் அமெரிக்காவின் டேற்றன் நகரத்தவரான சாள்ஸ் கெற்றறிங் பற்றரியிலிருந்து பொறி பெறும் வேறொரு முறையை அமைத்தார். 1910 ஆம் ஆண்டின் கடிலாக் வண்டிகளில் அது பூட்டப்பட்டது. கைப்பிடி சுழற்றாமலே எஞ்சினை இயக்கும் மின்கருவியை 1912 இன் கடிலாக்குக்கு அளித்தவரும் அவரே. அந்தக் கருவிக்காகப் பெரிய பற்றரி வண்டியிலே நிரந்தரமாய்க் குடியேறவே, மக்னீற்றோவுக்குத் தேவை குறைந்தது. 1930களில் இங்கிலாந்தின் சாதாரண கார்களிலும் கெற்றறிங்கின் முறையே பொது வழக்காயிற்று.

அம்முறை விளங்குதற்கு எளியது. கொயில் எனப்படும் தூண்டற்சுருளிலே இரண்டு சுற்றுகள் உண்டு. ஒன்று தடித்த கம்பியாலான சில நூறு சுற்றுகள்; மற்றது தலைமயிர்போன்ற கம்பியாலான பல்லாயிரம் சுற்றுகள். முதற் சுற்றினூடே பற்றரியின் 12 வோல்ற்று மின்னோட்டம் பாய்ந்து காந்தப்புலத்தை உண்டாக்கும். 'பொயின்ற்' எனப்படும் இரண்டு சிறு தொடுமுனைகள் திடீரெனப் பிரியும்போது ஓட்டம் அறுந்து, காந்தப்புலம் சரிந்து, இரண்டாம் சுற்றிலே பத்தாயிரம் வோல்ற்றையும் தாண்டிய அழுத்தம் பிறக்கும். டிஸ்றிபியூற்றர் என்னும் பங்கீட்டுக் கருவி அதனை முறைப்படி ஒவ்வொரு சிலிண்டருக்கும் அனுப்பும். தொடுமுனைகள் பிரியுமிடத்தில் வீண்பொறி எழுந்து அவற்றைத் தின்றுவிடாதபடி ஒடுக்கி ஒன்று காவல் நிற்கும். அதனை நமது திருத்துநர் கொண்டென்சர் என்பர்.

ஒரு கணக்கைப் பாருங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது பொயின்ற் ஒரு செக்கனுக்கு 100 முறை திறந்து மூடவேண்டும். ஒரு மணி நேரப் பயணத்தில் 3,60,000 முறை. அது திறக்கும் இடைவெளியோ ஓர் அங்குலத்தின் ஆயிரத்திற் பதினைந்து பங்கு மாத்திரமே. இத்தனை நுட்பமான ஒன்று எண்ணெய்ப் புகையிலும் வெப்பத்திலும் அதிர்விலும் இருந்துகொண்டு வேலை செய்கிறது. அது எப்பொழுதாவது தவறுவது எனக்கு வியப்பன்று. இத்தனை நாள் தவறாதிருப்பதே வியப்பு.

இனி லூக்கஸின் கதை. ஜோசப் லூக்கஸ் 1834 இற் பிறந்து 1902 இல் மறைந்த பேர்மிங்ஹாம் நகரத்தவர். தெருத்தெருவாகத் தள்ளுவண்டியில் விளக்கெரிக்கும் மண்ணெண்ணெயும் வாளி முதலிய பண்டங்களும் விற்றுத் தொழிலைத் தொடங்கியவர். பின்பு விளக்குச் செய்யத் தலைப்பட்டார். 'வீதியின் வேந்தன்' என்று பெயரிட்டு மிதிவண்டிக்கு அவர் செய்த விளக்குப் புகழ் பெற்றது. மோட்டார் யுகம் பிறந்ததும் அவர் மரபினர் மின்விளக்கு, டைனமோ, பற்றரி, கொயில் என்று கிளை விரித்து, போட்டிக் கம்பனிகளையும் விழுங்கி, பிரித்தானிய மோட்டார் தொழிலின் மின்கருவிச் சந்தையிற் பெரும்பகுதியைத் தம்வசமாக்கினர். பிரித்தானிய ஏகபோக ஆணைக்குழு இந்நிலையை ஆராய்ந்து 1963 இல் அறிக்கை வெளியிட்டது. ஆட்சி ஒருவர் கையில் இருந்தால் பழியும் அவர் தலையில்தானே விழும்! பழுது யாருடைய கவனக்குறைவால் வந்தாலும், திறந்து பார்த்தவர் கண்ட பெயர் லூக்கஸ் என்பதே.

எம்.ஜீ. என்னும் பெயர் ஒக்ஸ்போர்டிலிருந்த மொறிஸ் கராஜ் என்பதன் முதலெழுத்துகளால் ஆயது. அதன் மேலாளர் செசில் கிம்பர் சாதாரண மொறிஸ் கார்களின் உறுப்புகளைக்கொண்டே அழகும் வேகமும் உடைய சிறு கார்களை 1920களில் ஆக்கத் தொடங்கினார். 1929 இல் தொழிற்சாலை அபிங்டன் என்னும் சிற்றூருக்கு மாறியது. மலிவான உறுப்புகளாற் பணக்காரரின் இன்பத்தை நடுத்தர மக்களுக்கும் அளித்தல் கிம்பரின் கொள்கை. அவர் 1945 இல் இலண்டன் கிங்ஸ் குறொஸ் நிலையத்தில் நிகழ்ந்த புகைவண்டி விபத்தில் இறந்தார். அதே ஆண்டில் வெளிவந்த ரீ.சி. என்னும் மாதிரியில் ஏறத்தாழ 10,000 வண்டிகள் ஆக்கப்பட்டன. போருக்குப் பின் நாடு திரும்பிய அமெரிக்கப் படைவீரர் சிலர் அதன்மேற் காதல் கொண்டமையால், அட்லாண்டிக்குக்கு அப்பால் ஒரு சந்தை திறந்தது. எம்.ஜீ.ஏ. வகையில் ஒரு இலட்சத்துக்குச் சற்று மேலும், 1962 முதல் 1980 வரை ஆக்கப்பட்ட எம்.ஜீ.பீ. வகையில் ஐந்து இலட்சத்துக்கு மேலும் வெளிவந்தன. பெரும்பாலானவை கடல் கடந்து போயின. மூடுபனியும் தூறலும் உள்ள ஒரு தீவிலே, குறுகிய வீதிகளுக்கென்று உருவான வண்டி, பாலைவன வெயிலிலும் நெடுஞ்சாலையின் இடையறாத ஓட்டத்திலும் சோதிக்கப்பட்டது. அதைத் திருத்தவேண்டிய அந்நாட்டவர் பலருக்கு இதன் மின்னமைப்பே தலைகீழாய்த் தோன்றியது.

தலைகீழ் என்று சொன்னது உபசாரமன்று. மோட்டார் வண்டியில் ஒவ்வொரு கருவிக்கும் போக ஒரு வயர், வர ஒரு வயர் என இரண்டு இடுவதில்லை. வண்டியின் இரும்புடலையே திரும்பும் பாதையாய்க் கொள்வர். இதனைப் புவித்தொடுப்பு என்கின்றோம். 1930களின் நடுப்பகுதியிலிருந்து பிரித்தானிய வண்டிகளில் பற்றரியின் நேர்முனையை உடலோடு பிணைப்பதே வழக்கமாயிற்று. ஏனைய நாடுகளில் எதிர்முனையைப் பிணைப்பதே பெருவழக்கு. எம்.ஜீ.பீ.யில் இது 1967 இன் இறுதியில், டைனமோவின் இடத்துக்கு ஒல்ரனேற்றர் வந்தபோதுதான் மாற்றப்பட்டது. அதுவரையில் பற்றரியை மாறித் தொடுத்துக் கருவிகளைக் கெடுத்தவர் எத்தனை பேரோ!

புவித்தொடுப்பே நமது மாயப் பழுதின் முதல் இருப்பிடம். போகும் வயர் அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். திரும்பும் பாதை ஒரு திருகாணியின் அடியிலுள்ள துருவிலும் வண்ணப்பூச்சிலும் கெட்டால் யாருக்குத் தெரியும்? எம்.ஜீ.பீ.யின் எஞ்சின் இறப்பர்த் தாங்கிகளின்மேல் இருப்பதால், அதனை உடலோடு இணைக்கப் பின்னற் செம்புப் பட்டியொன்று பூட்டப்பட்டிருக்கும். யாரோ ஒருவர் எஞ்சினை இறக்கி ஏற்றும்போது அப்பட்டியை மறந்துவிட்டால், மின்னோட்டம் வேறு வழி தேடும். காபரேற்றருக்குச் செல்லும் மெல்லிய சோக் கம்பியே அதற்குக் கிடைக்கும் வழி. எஞ்சினைச் சுழற்றும் பேரோட்டம் அதனூடே பாய, கம்பி பழுக்கக் காய்ந்து புகையும். சோக் கம்பி புகைவதற்குக் காரணம் பற்றரிக்குத் திரும்பும் பட்டி இல்லாமையே என்று ஊகித்தவர் உண்மையான வைத்தியர்.

வயர்கள் சந்திக்கும் இடங்களிலே பித்தளைக் குண்டு முனைகளை ஒரு குழாய்க்குள் செருகி இறப்பர் உறையிடுவது அக்கால முறை. இருபது மழைக்காலம் கழிந்தபின் அப்பித்தளை பச்சை பூத்துவிடும். குளிர்ந்த வேளையில் தொடும், சூடேறினால் விலகும். நேரான வீதியில் தொடும், குழியில் விழுந்தால் விலகும். பற்றரிகளின் நிலை இன்னும் பரிதாபமானது. எம்.ஜீ.பீ.யில் 1974 வரை ஆறு வோல்ற்றுப் பற்றரிகள் இரண்டினை இருக்கைகளின் பின்னே, வீதிப் புழுதி படும்படியான தொட்டில்களில் வைத்திருந்தனர். எட்டாத இடத்திலுள்ளதை யார் துடைப்பார்? சாவித் துவாரத்தின் பின்னுள்ள ஆளியும் அப்படியே. வீட்டுச் சாவி, அலுமாரிச் சாவியெல்லாம் சேர்த்துக் கொத்தாய்த் தொங்கவிட்டால், அதன் ஆட்டத்திலே தேய்ந்த ஆளி ஒரு கணம் விலகி எஞ்சினை நிறுத்திவிடும்.

இவ்விடத்தில் லூக்கஸின் ஒரு நற்செயலையும் சொல்லவேண்டும். வயர்களின் நிறத்துக்கு அவர்கள் கைக்கொண்ட ஒழுங்கு ஓர் எழுத்துமுறை போன்றது. கபிலம், பற்றரியிலிருந்து நேரே வருவது. வெள்ளை, சாவி திருப்பியபின் உயிர்பெறுவது. பச்சை, வெள்ளையிலிருந்து உருகியைக் கடந்து வருவது. ஊதா, சாவி இல்லாமலும் உருகிவழி வருவது. நீலம் தலைவிளக்கு, சிவப்புப் பக்கவிளக்கு, கறுப்புப் புவித்தொடுப்பு. இதனைக் கற்றவர் முன்பின் பாராத பிரித்தானிய வண்டியையும் வாசித்துவிடுவார். ஆனால் தொடக்க கால எம்.ஜீ.பீ.யில் உருகிகள் இரண்டே. பொறிக்கும் பெற்றோல் பம்புக்கும் செல்லும் வெள்ளை வயருக்கு உருகியே இல்லை. எழுத்துமுறை சிறந்தது, காவல் குறைந்தது என்பதே என் தீர்ப்பு.

பழுது மின்னிலா, எரிபொருளிலா என்று பிரித்தறிதலே திருத்துநரின் முதல் வேலை. எரிபொருட் பக்கத்தில் எஸ்.யூ. பம்பு ஓர் அதிசயப் பிராணி. எஸ்.யூ. என்பது ஸ்கின்னர் சகோதரரின் பெயரால் வந்தது. அவர்கள் சப்பாத்து வணிகக் குடும்பத்தினர், தங்கள் முதற் காபரேற்றரிலே தோல் துருத்தியை வைத்தவர்கள்! பின்வந்த அவர்களது மின் பம்பு, சாவி திருப்பியவுடன் 'டிக் டிக்' என்று ஒலித்துக் காபரேற்றர் நிறைந்ததும் ஓயும். அதனுள்ளும் பொயின்ற் உண்டு. அவை கருகி ஒட்டிக்கொண்டால் பம்பு மௌனமாகும். பின் சக்கரத்தருகே அமைந்த அப்பம்பை ஒரு சப்பாத்துக் குதியால் தட்டினால் மறுபடி ஒலிக்கத் தொடங்கும். தட்டி ஓட்டியவர் திருத்திவிட்டதாக எண்ணுவார்; மறுநாள் வேறொரு தெருவில் மறுபடி தட்டவேண்டும். வேறு சில வண்டிகளில் தாங்கி மூடியின் மூச்சுத்துளை அடைபட்டு, உள்ளே வெற்றிடம் உண்டாகி, பெற்றோல் வராது நிற்கும். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உட்புகும் ஓசையே அதற்குச் சாட்சி.

ஆனால் என் மனத்தைக் கவர்ந்த சோதனை வேறு. 1964 முதல் எம்.ஜீ.பீ.யிற் பூட்டப்பட்ட சுழற்சிமானி எஞ்சினோடு கம்பியால் இணைக்கப்பட்டதன்று; கொயிலுக்குச் செல்லும் மின்னின் துடிப்பை எண்ணுவது. ஓடும் வண்டியில் எஞ்சின் அடங்கிய அக்கணத்திலே சாரதி அதன் முள்ளைப் பார்க்கவேண்டும். வண்டி இன்னும் உருண்டு எஞ்சினைச் சுழற்றிக்கொண்டிருக்க, முள் மட்டும் சட்டெனப் பூச்சியத்தில் விழுந்தால், கொயிலின் தாழ்ந்த அழுத்தப் பக்கத்தில் மின் அறுந்துவிட்டது: சாவி ஆளி, வெள்ளை வயர், பொயின்ற், இவற்றுள் ஒன்று. முள் வண்டியோடு சேர்ந்து மெல்ல இறங்கினால் அப்பக்கம் குற்றமற்றது. பெற்றோலையோ உயர் அழுத்தப் பக்கத்தையோ நோக்கவேண்டும். அரைக் கணத்துச் சாட்சியம் இது. வண்டி நின்றபின் எவ்வளவு பெரிய நிபுணர் வந்தாலும் அதைத் திரும்பப் பெற முடியாது.

சாட்சியத்தை அழித்துவிடுவோரே இத்துறையிற் பெருந்தொகையினர். ஒரே நாளிற் கொயில், கொண்டென்சர், பொயின்ற், பிளக் யாவற்றையும் மாற்றுவர். பழுது மறைந்தால் எது குற்றவாளி என்று தெரியாது. மறையாவிட்டாலோ புதியவற்றுள் ஏதேனும் கெட்டதா என்ற ஐயம் கூடிவிடும். வரலாற்று மாணவர் பழைய ஏட்டை வெளுக்க வைத்துவிட்டு வாசிக்க முயல்வதுபோன்றது அது. தேர்ந்தவர் ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுவார். சூட்டிலே கெடுகின்றதென ஐயுற்றால் கொயிலைச் சூடாக்கிப் பார்ப்பார். அசைவிலே கெடுகின்றதென ஐயுற்றால் வயரை அசைத்துப் பார்ப்பார். ஈரத்திலே கெட்டால் டிஸ்றிபியூற்றர் மூடியின் மயிரிழை வெடிப்பைத் தேடுவார். பழுது தானாக வரும்வரை காத்திராது அதனை வரவழைப்பார்.

லூக்கஸ் மீதான வழக்குக்கு வருவோம். பொயின்ற் இல்லாத இலத்திரனியல் எரிபற்றலை அவர்கள் 'ஓபஸ்' என்னும் பெயரில் வெளியிட்டனர். 1971 இன் ஜாகுவார் ஈ வகைப் பன்னிரு சிலிண்டர்க் காரிலும், 1970களின் நடுப்பகுதி முதல் அமெரிக்காவுக்குச் சென்ற எம்.ஜீ.பீ.யிலும் அது இடம்பெற்றது. எஞ்சினின் வெப்பத்தை அது தாங்கவில்லை. சூடேறினால் நின்று ஆறினால் இயங்கும் பழுதுக்கு அதுவே இலக்கணமாயிற்று. பலர் அதைக் கழற்றிப் பழைய பொயின்ற்களையே பூட்டினர். அக்குற்றம் லூக்கஸினதே. ஆனால் துருப்பிடித்த புவித்தொடுப்பும், துடைக்காத பற்றரி முனையும், மறந்த செம்புப் பட்டியும் அவர்களுடைய குற்றமல்ல. விலையைக் குறைக்கும்படி நெருக்கிய கார்க் கம்பனிகளுக்கும், முப்பது ஆண்டு வண்டியைக் கவனியாது வைத்திருந்த உடைமையாளருக்கும் அதிற் பங்குண்டு. அபிங்டன் தொழிற்சாலை 1980 ஒக்ரோபரில் மூடப்பட்டது. லூக்கஸ் 1996 இல் அமெரிக்காவின் வரிற்றி கம்பனியோடு இணைந்து, பின் அதுவும் கைமாறிற்று. அதே 1996 இல் அமெரிக்காவில் விற்கப்படும் ஒவ்வொரு புதிய காரும் தன் பழுதைத் தானே குறித்துவைக்கும் பொதுமுறைக் கணினி அமைப்பை உடையதாதல் வேண்டும் என்பது விதியாயிற்று. அரைக் கணத்துச் சாட்சியத்தை இப்பொழுது இயந்திரமே எழுதி வைக்கின்றது. பழைய எம்.ஜீ.க்கு அந்த வசதி இல்லை. அதற்கென இக்காலத்திற் செய்து விற்கப்படும் சில சுழலி முனைகளும் கொண்டென்சர்களும் தரம் குறைந்தவையாதலால், ஐம்பதாண்டுப் பழைய லூக்கஸ் உறுப்பைத் தேடி அலைவோரும் உளர். 'இருளின் இளவரசருக்கு' இப்படியும் ஒரு காலம்!

இனி அந்த இரவு. மூன்றாம் முறை வண்டி நின்றதும் நான் பதறி, "மண்ணெண்ணெய்தான் அடைச்சுப்போட்டுது, ஐயா. திரும்ப ஸ்ராட் பண்ணுங்கோ" என்றேன். முதியவர் அசையவில்லை. "இல்லைத் தம்பி. எண்ணெய் வராமல் நிக்கிற கார் இருமி இருமித்தான் நிக்கும். இது விளக்கை நூத்தமாதிரி நிண்டது. இப்ப அடிச்சால் ஸ்ராட் வரும். வந்தால் பழுது ஒளிச்சுப்போம். அஞ்சு நிமிசம் தாரும்" என்றார்.

அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுப்பதா, மறுப்பதா என்று நான் தடுமாறினேன். பின்னிருக்கையிலிருந்து அம்மாதான் கையசைத்து 'பார்க்கட்டும்' என்று குறிப்புக் காட்டினார்.

அவர் டிஸ்றிபியூற்றரின் மூடியைக் கழற்றினார். பொயின்ற்களுக்கிடையே ஒரு கடதாசித் துண்டைச் செருகிப் பிரித்து வைத்தார். இரண்டு வயர் கட்டிய சிறு பல்பின் ஒரு முனையை அசையும் பொயின்றிலும், மறுமுனையை எஞ்சினிலும் தொடுத்தார். பல்ப் மங்கலாய் எரிந்தது. மின் வருகிறது, குறையொன்றும் இல்லை என்றே நான் எண்ணினேன். அவர் விரலாற் பொயின்ற் அமர்ந்த தட்டை மெல்லச் சுழற்றினார். பல்ப் அணைந்தது. விட்டார், எரிந்தது.

எஞ்சின் ஓடும்போது அதன் உறிஞ்சலால் அத்தட்டு இப்படியும் அப்படியும் திரும்பிப் பொறியின் காலத்தை முன்பின்னாக மாற்றும். தட்டோடு சேர்ந்து அசையும் மூன்று அங்குல வயரொன்று, உறை கெடாமலே உள்ளே அறுந்திருந்தது. தட்டுத் திரும்பினால் அறுந்த முனைகள் விலகும், எஞ்சின் நிற்கும், நின்றதும் உறிஞ்சல் அற்றுத் தட்டு பழைய இடத்துக்கு வரும், முனைகள் மீண்டும் தொடும். வண்டி ஒவ்வொரு முறையும் தன் நோயைத் தானே மறைத்துக்கொண்டிருந்தது.

வானொலிக்கு டைனமோவிலிருந்து மின்கொண்டு செல்ல அவர் பையில் வைத்திருந்த மெல்லிய வயரில் ஒரு துண்டை வெட்டி, அறுந்ததன் இடத்திற் பூட்டினார். கைப்பிடியின் முதற் சுழற்சியிலே எஞ்சின் இயங்கியது. ஆஸ்பத்திரி வரையில் அது நிற்கவில்லை. அம்மா நான்காம் நாள் வீடு திரும்பினார்.

கூலியாகப் பணம் கொடுத்தேன். அவர் அதை வாங்கவில்லை. இரண்டு போத்தல் மண்ணெண்ணெய் கிடைத்தால் தரும்படி கேட்டார்.